செடியின் நாடி கண்ட செம்மல்

உயிர்களை அவற்றின் அறிவளவால் ஆறு வகையாகப் பகுத்தனர் பண்டைத் தமிழ்ச் சான்றோர். புல், பூண்டு, மரம், செடி, கொடி ஆகியவற்றை உடம்பினால் உற்று அறியும் ஓரறிவு உடையன என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற பாரியின் செயல், அவ்வறிவை உள்ளத்தால் உணர்ந்த ஒருவனது அருட்செயல் எனலாம். ஆயினும், உள்ளத்தால் உணர்தல் வேறு. ஆய்ந்து நிறுவுதல் வேறு. செடி உற்று அறிகின்றது என்றால், எவ்வாறு அறிகின்றது? ஓர் இலையில் பட்ட தீண்டல் மற்றோர் இலைக்கு எவ்வழியே செல்கின்றது? எத்துணை விரைவாகச் செல்கின்றது? விலங்கின் உடலில் அச்செய்தியைச் சுமந்து செல்வது நரம்பு. செடியின் உடலில் அதனைச் சுமப்பது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

ஜகதீசர் 1858 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ். அன்னையார் பாமா சுந்தரி. தந்தையார் பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றினார். அக்காலத்தில் அரசாங்க அலுவலர்கள் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, ஆங்கிலம் கற்கும் முன்னர்த் தாய்மொழியையும் தம் நாட்டு மக்களையும் மைந்தன் அறிதல் வேண்டும் என்று எண்ணினார். எனவே, சிறுவன் வங்காளப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அங்கு அவனுக்கு ஒருபுறம் ஊழியர் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்தனர். அவர்கள் கூறிய பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளைக் கேட்டுக் கேட்டு, இயற்கையை ஆராயும் வேட்கை அவன் உள்ளத்தில் வேரூன்றிற்று.

பின்னர் ஜகதீசர் கல்கத்தாவுக்குச் சென்று தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கு இயற்பியல் கற்பித்த லாபோன் அடிகளார், நூலில் உள்ளதைப் படித்துக் காட்டுவதோடு அமையாமல், கருவிகளைக் கொண்டு செய்து காட்டி விளக்கும் இயல்பினர். கருவியின் வாயிலாக இயற்கையைப் பேசச் செய்யலாம் என்னும் பாடத்தை ஜகதீசர் அவரிடமே கற்றார் எனலாம். 1879 இல் பட்டம் பெற்ற பின், இங்கிலாந்து சென்று ஆட்சிப் பணித் தேர்வு எழுத விரும்பினார். தந்தையார் அதற்கு இசையவில்லை. மகன் பிறரை ஆள்பவனாக அன்றித் தன்னை ஆளும் கல்விமானாக விளங்க வேண்டும் என்பதே அவர் கருத்து. குடும்பத்தைக் கடன் சூழ்ந்திருந்த வேளை அது. அன்னையார் தம் அணிகலன்களை விற்றேனும் மகனை மேற்படிப்புக்கு அனுப்ப முன்வந்தார்.

1880 இல் ஜகதீசர் இலண்டன் சென்று மருத்துவக் கல்வி தொடங்கினார். முன்னரே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல், பிணங்களை அறுத்து ஆயும் அறையின் காற்றால் மேலும் கடுமையுற்றது. ஆசிரியர்களின் அறிவுரைப்படி அவர் மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்து கல்லூரியை அடைந்து, இயற்கை அறிவியல் பயின்றார். இழப்பு எனத் தோன்றிய இம்மாற்றமே அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு அடித்தளம் ஆயிற்று. இயற்பியலை ரேலே பிரபுவிடமும், உடலியலை மைக்கேல் பாஸ்டரிடமும், தாவரவியலைச் சிட்னி வைன்ஸ், பிரான்சிஸ் டார்வின் ஆகியோரிடமும் அவர் கேட்டறிந்தார். மின்சாரத்தை ஆய்வோர் செடியைக் கருதாத காலத்தில், செடியை ஆய்வோர் மின்சாரத்தைக் கருதாத காலத்தில், இரண்டையும் ஒருங்கே கற்ற உள்ளம் ஒன்று உருவாயிற்று. 1884 இல் கேம்பிரிட்சுப் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று அவர் தாயகம் திரும்பினார்.

1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் அவர் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். அந்நாளில் ஒரே பணியைச் செய்யும் ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. ஜகதீசரின் பதவி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் பூசல் விளைக்கவில்லை, பணியையும் துறக்கவில்லை. வேறுபாடு நீங்கும் வரையில் ஊதியத்தைத் தொடுவதில்லை என உறுதி பூண்டு, மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் பாடம் நடத்தினார். அவ்வறுமையில் அவருக்குத் துணையாக நின்றவர், 1887 இல் அவரை மணந்த அபலா அம்மையார். அம்மையார் தமிழ்நாட்டுக்கும் உரியவரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் இடையில் நிறுத்தியவர் அவர். மூன்றாண்டுகள் கழிந்தபின், அரசாங்கம் ஜகதீசரின் தகுதியை உணர்ந்து, முழு ஊதியத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டு வழங்கிற்று. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென ஓர் இடமும் இல்லை. குளியலறையை அடுத்திருந்த 24 சதுர அடிச் சிற்றறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம். அவர் பயிற்றிய உள்ளூர்த் தகரக் கொல்லரே அவருடைய கருவி வினைஞர். 1894 இல், தம் 36 ஆம் பிறந்தநாளன்று, இனித் தம் வாழ்வு ஆராய்ச்சிக்கே உரியது என அவர் உறுதி மேற்கொண்டார். மிகக் குறுகிய மின்னலைகளை உண்டாக்கி, 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்தார். இலண்டன் பல்கலைக்கழகம் 1896 இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

மின்னலை ஆராய்ச்சியில் புகழ் கைகூடிய அந்நேரத்தில்தான் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. அலைகளை ஏற்கும் கருவி நெடுநேரம் இயங்கியபின் மந்தமடைவதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூர்மை பெறுவதையும் 1899 அளவில் அவர் கண்டார். களைத்த தசையும் அவ்வாறே அன்றோ ஓய்வால் தெளிகின்றது? இவ்வொப்புமை அவரை உறங்கவிடவில்லை. தசையையோ நரம்பையோ தூண்டினால் அதில் நுண்ணிய மின்மாற்றம் ஒன்று தோன்றும் என்பதை உடலியல் அறிஞர் முன்னரே அறிந்திருந்தனர். அதுவே உயிருள்ள நரம்பின் அடையாளம் எனக் கருதப்பட்டது. ஜகதீசர் அதே சோதனையை இலை, தண்டு, வேர் முதலியவற்றில் நிகழ்த்தினார். தொட்டால் சுருங்கும் செடிகளே அன்றி, அசைவே காட்டாத சாதாரணச் செடிகளும் தூண்டப்பட்டபோது மின்மாற்றம் காட்டின. நஞ்சூட்டிய பின் காட்டாது ஒழிந்தன.

1901 ஆம் ஆண்டு மே 10 ஆம் நாள் இலண்டன் இராயல் நிறுவனத்தில் அவர் இவற்றைச் செய்து காட்டினார். அவை வியந்து பாராட்டிற்று. ஆனால் அடுத்த திங்களில், இராயல் கழகத்தின் முன் அவர் கட்டுரை படித்தபோது நிலைமை மாறிற்று. சர் ஜான் பர்டன் சாண்டர்சன் என்னும் முதுபெரும் உடலியல் அறிஞர் எழுந்து மறுத்தார். அவர் எளியவர் அல்லர். ஈக்களைப் பிடிக்கும் செடி ஒன்றின் இலையில் மின்மாற்றம் நிகழ்வதை 1873 இலேயே கண்டறிந்தவர். சாதாரணச் செடிகளில் அத்தகைய துலங்கல் நிகழாது என்பது அவர் துணிபு. துலங்கல் என்னும் சொல் உடலியலாருக்கே உரியதாதலின், கட்டுரையின் தலைப்பை மாற்றுதல் நன்று என அவர் அறிவுறுத்தினார். மாற்றினால் கட்டுரை அச்சேறும். மாற்றாவிடில் பெருங்கழகத்தின் வாயில் அடைபடும். ஜகதீசர் தாம் கண்டதைக் கண்டவாறே கூறுவதென உறுதியாக நின்றார். கட்டுரை வெளியிடப்படாமல் கழகத்தின் சுவடிகளிடையே கிடந்தது.

எனினும், கேம்பிரிட்சில் அவருக்கு ஆசிரியராக இருந்த வைன்ஸ் முதலிய தாவரவியல் அறிஞர்கள் அவருடைய சோதனைகளை நேரிற்கண்டு தெளிந்தனர். அவர்கள் முயற்சியால் 1902 இல் இலின்னேயக் கழகம் அவர் ஆராய்ச்சியை ஏற்றது. ஆயினும் ஜகதீசர் ஓர் உண்மையை உணர்ந்தார். ஐயம் கொண்டோரைச் சொல்லால் வெல்லுதல் அரிது. ஆய்வாளனின் கையும் கண்ணும் குறுக்கிடாதவாறு, செடியே தன் கதையை எழுதும்படி செய்தல் வேண்டும். அடுத்த பத்தாண்டுகளும் அத்தகைய கருவிகளைப் படைப்பதில் கழிந்தன.

அவற்றுள் தலைசிறந்தது ஒத்ததிர்வுப் பதிகருவி. தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு, தண்டோடு சேரும் இடத்தில் சிறிது புடைத்திருக்கும். தூண்டல் எட்டியதும் அப்புடைப்பின் கீழ்ப்பாதியிலுள்ள நீர் வெளியேற, காம்பு தாழ்கின்றது. அக்காம்பை மெல்லிய நூலால் ஒரு நெம்புகோலுடன் இணைத்து, நெம்புகோலின் நுனி கரி படிந்த கண்ணாடியில் கோடு இழுக்குமாறு செய்யலாம். ஆனால் இலையின் விசை மிகச் சிறிது. கண்ணாடியில் உராயும்போதே அவ்விசை தேய்ந்து, எழுத்துப் பிழைபடும். ஜகதீசர் இதற்கு ஓர் அரிய வழி கண்டார். எழுதும் நுனி எப்பொழுதும் கண்ணாடியைத் தொட்டுக் கொண்டிராமல், யாழின் நரம்பு போல நொடிக்கு இத்தனை முறை என அதிர்ந்து, தொட்டுத் தொட்டு மீளுமாறு அமைத்தார். கோட்டுக்கு மாறாகப் புள்ளிகள் விழுந்தன, உராய்வு ஒழிந்தது. நுனி நொடிக்கு 200 முறை அதிர்ந்தால், இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் நொடியில் 200 இல் ஒரு பங்கு. எனவே, எழுதுகோலே கடிகாரமும் ஆயிற்று. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் காலத்தை அளக்க இம்முறை இடந்தந்தது.

இக்கருவியைக் கொண்டு அவர் பழைய வழக்கொன்றைத் தீர்க்க முற்பட்டார். தொட்டாற்சுருங்கியில் தூண்டல் பரவுவது நரம்பில் பரவுவது போன்றது அன்று. குழாயின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் நீர் பொங்குவது போன்ற வெறும் நீரழுத்தமே என்று ஜெர்மானிய அறிஞர் பெஃபர் முதலியோர் கருதினர். ஜகதீசரின் வாதம் தெளிவானது. குழாய்க்குள் அழுத்தம் செல்வதை மயக்கமருந்தோ நஞ்சோ தடுக்கமாட்டா. தடுக்கப்படுமாயின், செல்வது நீரழுத்தம் அன்று; உயிருள்ள திசுவின் வழியே பரவும் கிளர்ச்சியே ஆகும். அவர் காம்பின் இடைப்பகுதியைக் குளிர்வித்தார். தூண்டலின் விரைவு குறைந்தது. மேலும் குளிர்விக்கத் தூண்டல் அங்கேயே நின்றது. வெம்மையூட்ட விரைவு மிகுந்தது. இடையில் நஞ்சைத் தடவ, தூண்டல் அப்பால் செல்லவில்லை. விலங்கின் நரம்பிலும் இவ்வாறே நிகழும். 1913 இல் இராயல் கழகம் இவ்வாராய்ச்சியைத் தன் இதழில் வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட வாயில் திறந்தது.

மற்றொரு செடியும் அவருக்குத் துணை நின்றது. தமிழ் மருத்துவர் தொழுகண்ணி என்று வழங்கும் அச்செடியின் சிற்றிலைகள் எவரும் தொடாமலே மேலும் கீழும் அசையும். அவ்வசைவு, வெப்பத்துக்கும் குளிருக்கும் மருந்துகளுக்கும் ஏற்ப மாறுபடும் முறை, விலங்கின் இதயத் துடிப்பை ஒத்திருப்பதை அவர் பதிந்து காட்டினார்.

1914 இல் அவர் மீண்டும் ஐரோப்பா சென்றபோது, பதிகருவிகளோடு தொட்டாற்சுருங்கிச் செடிகளையும் தொழுகண்ணிச் செடிகளையும் உடன் கொண்டு சென்றார். கடுங்குளிர் நாட்டில் அவ்வெப்பநாட்டுச் செடிகளை உயிரோடு காப்பதே பெருமுயற்சி ஆயிற்று. இலண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்சு, வியன்னா முதலிய நகரங்களில் அறிஞர் முன்னிலையில் அச்செடிகள் தம் கதையைத் தாமே எழுதின.

ஐயம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. செடியின் வளர்ச்சியை ஒரு கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அவர் பின்னர் இயற்றியபோது, அது காட்டுவது வளர்ச்சிதானா என்று வினவினோர் உண்டு. ஜகதீசர் சினவாமல், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிஞர் குழுவின் முன் சோதனையை நிகழ்த்தினார். கருவி உண்மையே உரைக்கின்றது என அக்குழுவினர் உலகறியச் சான்று அளித்தனர். அவ்வாண்டிலேயே இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

தமக்கு நேர்ந்த இடர்ப்பாடுகள் தமக்குப் பின் வரும் இளைஞருக்கு நேரலாகாது என்பது அவர் பெருவிருப்பம். 1917 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் கல்கத்தாவில் அவர் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையம் அவ்விருப்பத்தின் வடிவம். பட்டம் பெற்ற இளைஞர்கள் இயற்பியலையும் உயிரியலையும் ஒரே கூரையின்கீழ் ஆய்வதற்கு அங்கு வழி பிறந்தது. நண்பர்களின் வற்புறுத்தலால் தம் பெயரில் 1904 இல் வழங்கப்பட்ட உரிமைப் பத்திரம் ஒன்றினாலும் அவர் ஊதியம் தேடினார் அல்லர். நிலையத்தின் கண்டுபிடிப்புகள் உலகுக்குப் பொது என்பது அவர் வகுத்த நெறி.

செடிகளின் நரம்பியக்கம் பற்றிய அவருடைய பெருநூல் 1926 இல் வெளிவந்தது. அந்நூலில் கூறப்பட்டன அனைத்தும் இன்று ஏற்கப்படுகின்றனவா எனின், இல்லை. செடிகளுக்கு விலங்குகளைப் போன்ற நரம்பணுக்களும் இல்லை, மூளையும் இல்லை. செடிக்கும் விலங்குக்கும் உள்ள ஒப்புமையை ஜகதீசர் சில இடங்களில் அளவுக்கு மேல் நீட்டினார் என்பர் அறிஞர். இத்தாலிய நாட்டு ரிக்கா என்பவர் 1916 இல், நீர்க்குழாய்களில் செல்லும் ஒருவகைப் பொருளும் தூண்டலைச் சுமக்கின்றது எனக் காட்டினார். அதற்கும் உண்மையில் பங்கு உண்டு. ஆயினும், தூண்டல் மின்னதிர்வாகச் செடியின் உயிருள்ள திசு வழியே, சிறப்பாக உணவு கடத்தும் திசு வழியே, பரவுகின்றது என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது. தொட்டாற்சுருங்கியில் அது நொடிக்கு இரண்டு மூன்று செண்டிமீட்டர் அளவில் செல்கின்றது. மனிதனின் விரைந்த நரம்புகளிலோ நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் செல்கின்றது. விரைவில் வேறுபாடு பெரிது. மின்னதிர்வு என்னும் அடிப்படையில் ஒப்புமை உண்டு.

ஜகதீசர் 1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, கென்னத் கோல், ஹோவர்ட் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள், மின்னதிர்வு செல்லும்போது உயிரணுவின் மென்தோலில் நிகழும் மாற்றத்தை நன்னீர்ப் பாசி ஒன்றில் அளந்தனர். 1939 இல் அதே முறையால் கணவாயின் பெருநரம்பிலும் அளந்தனர். நரம்பின் இயல்பை அறிவதற்குத் தாவரம் ஒன்று வழிகாட்டிற்று. 2022 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தொட்டாற்சுருங்கியின் இலையில் மின்னதிர்வும் சுண்ணாம்புச் சத்தின் அலையும் ஒருங்கே பரவுவதை ஒளிரச் செய்து கண்டனர்; அவ்வசைவு இலையைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து செடியைக் காக்கின்றது என்பதையும் மெய்ப்பித்தனர்.

ஆராய்ச்சி என்பது பெருநகரங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரியது எனக் கருதுவோர் ஜகதீசரின் சிற்றறையை நினைத்தல் வேண்டும். தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலையின் அடிவாரத்தில் பயிலும் ஒரு மாணவனும் மாணவியும், ஒரு தொட்டியில் தொட்டாற்சுருங்கியை வளர்த்து, நுனியிலையைத் தீண்டி, அடியிலை மடிய எத்தனை நொடிகள் ஆகின்றன எனக் கடிகாரத்தால் அளக்கலாம். விடியற்காலைக் குளிரில் ஓர் அளவும், நண்பகல் வெம்மையில் ஓர் அளவும் எடுத்து ஒப்பிடலாம். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏட்டில் குறித்து வைத்தல் அவர்கள் கடமை. பிறர் மறுத்தால் சினவாது மீண்டும் அளந்து காட்டுதல் அதனினும் பெரிய கடமை. ஜகதீச சந்திர போஸ் வாழ்ந்து காட்டிய நெறி அதுவே.